கைக்கு எட்டாத ஸ்டார்ட்டர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, ஒரே உறுப்பைப் பற்றியே கேட்கின்றன. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, என்ஜினை முதலில் சுழற்றி ஓடவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே இந்தப் பக்கங்களைக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் இருக்கிறது. 1.6 லிட்டர் என்ஜின், ஸ்டீயரிங் வலப்பக்கம். சில வாரங்களாகச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரேயொரு ஓசை வருகிறதே தவிர, என்ஜின் சுழல்வதில்லை. நான்கைந்து முறை திருப்பிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கிவிடுகிறது. பேட்டரி புதியது. ஸ்டார்ட்டரை மாற்றிவிடலாம் என்று பானட்டைத் திறந்தால், அது இருக்கும் இடமே கண்ணில் படவில்லை. கையை விட்டுப் பார்த்ததில் முழங்கைவரை கீறல்தான் மிச்சம். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றாமல் முடியாது என்கிறார் ஒரு மெக்கானிக். அது உண்மையா? வீட்டிலேயே இந்த வேலையைச் செய்ய முடியுமா?

பதில்: வீட்டிலேயே செய்யலாம், மேனிஃபோல்டைக் கழற்றவும் வேண்டியதில்லை. மேலிருந்து பார்ப்பவருக்கு மெக்கானிக் சொல்வதுதான் சரியென்று தோன்றும். இந்தக் காரில் ஸ்டார்ட்டரை மேலிருந்து அல்ல, கீழிருந்து, அதுவும் பின்பக்கத்திலிருந்து அணுக வேண்டும்.

1989இல் அறிமுகமான இந்தக் கார், 1960களின் இலகுவான பிரிட்டிஷ் இரட்டை இருக்கைக் கார்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. எடை முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக என்ஜினை நீளவாக்கில் வைத்து, முன் அச்சுக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். வளைவுகளில் நீங்கள் அனுபவிக்கும் சுகத்துக்கும் முழங்கைக் கீறலுக்கும் காரணம் ஒன்றே. என்ஜினின் பின்முனை தடுப்புச் சுவரை ஒட்டிப்போய்விட்டது. காற்றை உள்ளிழுக்கும் மேனிஃபோல்ட் வலப்பக்கம் இருக்கிறது. அதன் அடியில், கியர்பாக்ஸின் மணி வடிவ முகப்போடு சேர்த்து முடுக்கப்பட்டு ஸ்டார்ட்டர் ஒளிந்திருக்கிறது. வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார்களில் ஸ்டீயரிங் தண்டும் அதே பக்கமாக இறங்குவதால், இடப்பக்க ஸ்டீயரிங் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் விரல்கடை இடம்கூட உங்களுக்குக் கிடைக்காது.

ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரைத் தொடுங்கள். எட்டாத இடத்தில் இருக்கும் உறுப்பின்மீது பழி எளிதில் விழுந்துவிடுகிறது. பாதி நாள் காருக்கு அடியில் கிடந்து புதிய ஸ்டார்ட்டரை மாட்டிய பிறகும் அதே ‘டக்’ ஓசையைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அன்று குற்றவாளி, என்ஜினையும் உடற்பகுதியையும் இணைக்கும் எர்த் பட்டையின் நுனியில் படிந்திருந்த பச்சைக் களிம்பு.

உங்கள் காரில் இந்தச் சந்தேகத்துக்குக் கூடுதல் நியாயம் உண்டு. பேட்டரி பானட்டுக்குள் இல்லை, டிக்கியில் இருக்கிறது. மின்சாரம் காரின் நீளம் முழுவதும் ஒரு தடித்த கம்பியில் பயணம் செய்து ஸ்டார்ட்டரை அடைந்து, உடற்பகுதி வழியாகத் திரும்ப வேண்டும். சிறிய நான்கு சிலிண்டர் என்ஜினைச் சுழற்றவே நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். 150 ஆம்பியர் ஓடும்போது, வழியில் ஏதோ ஓர் இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும் அங்கேயே 1.5 வோல்ட் காணாமல் போகும். சாதாரணமாக ஓம் அளந்து பார்த்தால் அந்தத் தடை தெரியாது. மின்சாரம் ஓடும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எனவே கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்ப ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். அளவு எடுக்க வேண்டியது ஸ்டார்ட்டர் மறுக்கும் அந்தக் கணத்தில். அது ஒழுங்காகச் சுழலும்போது எடுத்த அளவால் பயனில்லை. முதலில் பேட்டரி முனைகளில் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அடுத்து, ஸ்டார்ட்டரின் தடித்த கம்பி சேரும் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே அளவெடுங்கள். ‘டக்’ என்ற ஓசையோடு அது சில வோல்ட்டுக்குச் சரிந்தால், கோளாறு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ இருக்கிறது. பிறகு, சாவியிலிருந்து வரும் மெல்லிய கம்பி சேரும் முனையை அளவெடுங்கள். சாவியைத் திருப்பும்போது அங்கே வருவது பேட்டரி முனைகளில் உள்ளதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், தேய்ந்த இக்னிஷன் சுவிட்சையோ இடையிலுள்ள இணைப்புகளையோ சந்தேகிக்க வேண்டும். சில நாடுகளில் விற்ற கார்களில் கிளட்ச் மிதியை அழுத்தினால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். அந்த மிதியிலுள்ள சுவிட்சும் இதே வழியில்தான் வருகிறது. இரண்டு முனைகளிலும் முழு மின்னழுத்தம் இருந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மட்டுமே ஸ்டார்ட்டரைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்டார்ட்டரின் மேலுள்ள சாலினாய்டு எனும் மின்காந்தச் சுவிட்சுக்குள், உந்துதண்டின் முனையில் ஒரு செப்புத் தட்டு இருக்கிறது. அது முன்னேறி இரண்டு செப்பு முனைகளை இணைக்கும்போதுதான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். ஒவ்வொரு முறை கார் ஓடத் தொடங்கும்போதும் அங்கே பொறி பறந்து, செம்பு கொஞ்சம் கரிந்து, கொஞ்சம் தேயும். தட்டு நகர்வதால் ‘டக்’ ஓசை எழுகிறது. தேய்ந்த இடங்கள் சந்தித்தால் மின்சாரம் பாய்வதில்லை. நான்காவது முறை தட்டு சற்றே திரும்பி, தேயாத இடம் அகப்பட்டால் கார் ஓடுகிறது. மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்தாலும் இதே நாடகம்தான். அப்போது ஸ்டார்ட்டரின்மேல் மெல்லத் தட்டினால் சில நேரம் உயிர் வரும்.

கழற்றும் வேலையை டிக்கியில் தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, தானாகத் திரும்பி வந்து ஒட்டாதபடி ஒரு துணியில் சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கம்பி பேட்டரியிலிருந்து நேராக வருவது. ஸ்பேனர் அதையும் என்ஜினையும் ஒருசேரத் தொட்டால் ஸ்பேனரே பழுக்கக் காய்ந்துவிடும். பிறகு காரை உயர்த்தி, சமதளத்தில் உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி எந்தக் காருக்கு அடியிலும் போகாதீர்கள். அடியில் போவதற்கு முன் உடற்பகுதியைப் பிடித்து நன்றாக ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஆடி விழுவதானால் அப்போதே விழட்டும்.

கீழிருந்து பார்த்தால் மேனிஃபோல்டிலிருந்து என்ஜின் பிளாக்குக்கு இறங்கும் ஓர் இரும்புத் தாங்கி தெரியும். கழற்ற வேண்டியது அதைத்தான், மேனிஃபோல்டை அல்ல. அது போனதும் ஸ்டார்ட்டர் வெளியே வரும் வழி திறந்துவிடும். மெல்லிய கம்பியின் செருகியைப் பிடுங்காதீர்கள். முப்பது ஆண்டு வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக் அது; தலைமுடி உலர்த்தியால் சிறிது சூடேற்றி, கம்பியை விட்டுவிட்டுச் செருகியின் உடலைப் பிடித்து, இப்படியும் அப்படியும் அசைத்து எடுங்கள்.

ஸ்டார்ட்டரைப் பிடிக்கும் மேல் போல்ட்தான் இந்த வேலையின் முழுக் கதையும். அதைப் பார்க்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், விரலால் தேடுங்கள். ஒரு கையை மேனிஃபோல்டுக்கு அடியில் மேலிருந்து விட்டு, ஆள்காட்டி விரலைப் போல்ட்டின் தலைமேல் வையுங்கள். மறு கையால், கியர்பாக்ஸை ஒட்டிய பள்ளத்தின் வழியாக, பின்பக்கத்திலிருந்து சாக்கெட்டை நீட்டிக்கும் தண்டுகளான எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று கோத்து முன்னே செலுத்துங்கள். எல்லாம் சேர்ந்து ஓரடிக்கு மேல், சில கார்களில் இரண்டடிகூடத் தேவைப்படும். நுனியில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், அதன் முன்னே அறுமுனை சாக்கெட். பன்னிருமுனை சாக்கெட் வேண்டாம். அது வழுக்கித் தலையின் மூலைகளைத் தேய்த்துவிட்டால், பிறகு கியர்பாக்ஸை இறக்கும் நிலை வரலாம். யுனிவர்சல் ஜாயின்ட் துவண்டு தொங்கிக்கொண்டே இருந்தால், அதைச் சுற்றி இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்; வளையும், ஆனால் தொங்காது. மேலுள்ள விரல்தான் சாக்கெட்டைத் தலைமேல் ஏற்றி உட்கார வைக்கிறது. கீழுள்ள கை தள்ள மட்டுமே செய்கிறது. ‘கிளக்’ என்று அது உட்கார்ந்ததை இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் உணரும். அந்த ஒரு நொடிக்காக அரை மணி நேரம் போவது வழக்கம்தான்.

போல்ட் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். துருவை இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். அன்றே முடித்தாக வேண்டும் என்ற வீம்பில் முறிந்த போல்ட்கள்தான் அதிகம்.

ஸ்டார்ட்டர் உருவத்துக்கு மீறிய எடை கொண்டது. கடைசிப் போல்ட் கழலும்போது முகத்துக்கு நேர்மேலே அது இருக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் புதியதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். என்ஜினைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் பற்களை எண்ணுங்கள். போல்ட் துளைகளின் இடைவெளியையும் மூக்குப் பகுதியின் நீளத்தையும் பாருங்கள். பழையதன்மேல் எண்ணெய்ச் சேறு அப்பியிருந்தால் அதைத் துடைத்து மறந்துவிடாதீர்கள். இந்த என்ஜினில் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரின் ரப்பர் வளையம் காலப்போக்கில் கெட்டித்துப்போய், எண்ணெய் பின்பக்கமாக வழியும். அதை விட்டுவைத்தால் எண்ணெய் தொடர்ந்து வழிந்து புதிய ஸ்டார்ட்டர்மேலும் படியக்கூடும்.

பொருத்தும்போது இரு உலோக முகங்களையும் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஸ்டார்ட்டருக்குத் தனி எர்த் கம்பி கிடையாது. அந்த உலோகத் தொடுகைதான் அதன் எர்த். போல்ட்டைச் சாக்கெட்டுக்குள் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துச் செருகி நிற்க வையுங்கள். வாஷரைக் கிரீஸ் தடவி ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் சில சுற்றுகளை ராட்செட் இல்லாமல் விரலால் மட்டுமே சுற்றுங்கள். மரை நேராகப் பிடித்ததா கோணலாகப் பிடித்ததா என்பதை விரல் சொல்லும், ராட்செட் சொல்லாது. தாங்கியைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம். அதை விட்டுவிட்டு ஓட்டும் கார்களை நான் பார்த்திருக்கிறேன். மேனிஃபோல்டின் எடையும் அதிர்வும் வேறெங்கோ போய்ச் சுமையாகின்றன.

கேள்வி: 1978ஆம் ஆண்டு ஷெவர்லே கார்வெட் வைத்திருக்கிறேன். காலையில் தொட்டவுடன் ஓடுகிறது. நெடுந்தூரம் ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தினால், சாவிக்கு மறுமொழியே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் ஓடுகிறது. இரண்டு ஸ்டார்ட்டர்கள் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். இரண்டாவதை மாற்றியபோதே நின்றிருக்க வேண்டும்.

உங்கள் வி-8 என்ஜினில் ஸ்டார்ட்டர் வலப்பக்க அடியில், எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓடும்போது காற்று அதைக் குளிர்விக்கும். நின்றவுடன் குழாயின் வெப்பம் முழுவதும் அதன்மேல் இறங்கும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. 20 டிகிரியிலிருந்த சாலினாய்டுச் சுருள் 100 டிகிரியை எட்டினால், அதன் தடை 31 சதவீதம் ஏறி, அதே மின்னழுத்தத்தில் ஓடும் மின்சாரம் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். புதிய காரில் இந்த இழப்பைத் தாங்கும் அளவுக்கு மின்னழுத்தம் கைவசம் இருந்தது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த இக்னிஷன் சுவிட்சும் களிம்பேறிய செருகிகளும் அந்த உபரியை முன்பே தின்றுவிட்டன; வெப்பம் கடைசித் தள்ளுதலை மட்டும் தருகிறது. புதிய ஸ்டார்ட்டரின் சுருளும் செம்புதான் என்பதால், மாற்றியும் பயனில்லாமல் போயிற்று.

சூடான நிலையில் சாலினாய்டின் மெல்லிய கம்பி முனையில் மின்னழுத்தத்தை அளவெடுங்கள். குறைவாக இருந்தால், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சான ஒரு ரிலே போதும்: சாவியிலிருந்து வரும் கம்பி ரிலேயை மட்டும் இயக்கட்டும்; அந்த ரிலே, பேட்டரியிலிருந்து ஒரு பியூஸ் வழியாக வரும் மின்சாரத்தை நேராகச் சாலினாய்டுக்குக் கொடுக்கட்டும். எக்ஸாஸ்ட்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையே இருந்த வெப்பத் தடுப்புத் தகட்டை யாராவது முன்பு கழற்றித் தொலைத்திருந்தால் அதையும் திரும்பப் போடுங்கள்.

இருமுறை மாற்றியவர் என்பதால் இன்னொன்றையும் கேட்டுவைக்கிறேன். அந்த ஸ்டார்ட்டரைப் பிடிக்கும் இரண்டு போல்ட்களும் தண்டில் வரிவரியாகச் சொரசொரப்பு உள்ள தனி வகை. ஸ்டார்ட்டரை இடம் பிசகாமல் நிறுத்துவது அந்தச் சொரசொரப்புதான். அதே அளவில் சாதாரணப் போல்ட் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் இடையே மெல்லிய தகடுகள் இருந்தனவா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். பினியனுக்கும் என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலின் பல்சக்கரத்துக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்வன அவை. அவற்றைத் தூக்கி எறிந்திருந்தால் கீச்சென்ற ஓசையோ பல் முறிவோ வரும்.

கேள்வி: என் தந்தையார் எனக்கு விட்டுச்சென்றது 1965ஆம் ஆண்டு எம்ஜிபி. சாவியைத் திருப்பினால் ஓசை மட்டும் கேட்கிறது. பழைய ஸ்டார்ட்டருக்குப் பதிலாக, எடை குறைந்த நவீன கியர் வகை ஸ்டார்ட்டரைப் போடலாம் என்கிறார் அண்ணன். போடலாமா?

பதில்: உங்கள் அண்ணனிடம் முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கைகளுக்குப் பின்னால், தட்டுக்கு அடியில், ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். 1967இல் ‘மார்க் 2’ என்ற இரண்டாம் பதிப்பு வரும்வரை எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது உடற்பகுதியோடு இணைந்தது. உங்கள் கார் இன்னும் அப்படியே இருந்தால், அண்ணன் சொல்லும் ஸ்டார்ட்டர் உங்களுக்கு ஆகாது.

பழைய ஸ்டார்ட்டரின் காந்தப்புலமும் மின்சுருளால் உண்டாவது. சுழலும் பகுதியோடு அது தொடராக இணைந்திருக்கிறது. முனைகளை மாற்றினால் இரண்டின் திசையும் சேர்ந்தே மாறுவதால், சுழலும் திசை மாறாது. நவீன சிறு ஸ்டார்ட்டர்களில் பலவற்றில் நிலைக்காந்தம் இருக்கிறது. அங்கே மின்சாரத்தின் திசை மட்டுமே மாறும், மோட்டார் தலைகீழாகச் சுழலும். காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டு அதைப் போடுபவர்கள் உண்டு. ஆனால் டைனமோ, டக்கோமீட்டர், ரேடியோ என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டிவரும். ஒரு ஸ்டார்ட்டருக்காக அவ்வளவு தூரம் போவதை நான் விரும்புவதில்லை.

தவிர, நீங்கள் கேட்கும் ஓசை ஸ்டார்ட்டரிலிருந்தே வரவில்லை என்பது என் ஊகம். அந்த வயது எம்ஜிபியில் சாலினாய்டு ஸ்டார்ட்டரின்மேல் இல்லை. என்ஜின் அறையின் சுவரில், நின்றபடியே தொடக்கூடிய இடத்தில் தனியாக இருக்கிறது. ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, அதன் இரண்டு தடித்த முனைகளுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளவெடுங்கள். ஓசை எழுந்த பிறகும் அங்கே 12 வோல்ட் அப்படியே நின்றால், உள்ளிருக்கும் தொடுமுனைகள் சேரவில்லை. அந்தச் சாலினாய்டை மட்டும் மாற்றினால் போதும். அளவு ஏறக்குறைய சுழியத்துக்கு விழுந்தும் ஸ்டார்ட்டர் சுழலவில்லை என்றால், பினியன் பல்சக்கரத்தில் சிக்கியிருக்கலாம். ஸ்டார்ட்டரின் பின்முனை மூடியை எடுத்தால் தண்டின் நுனி சதுரமாக இருக்கும்; பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, அதில் ஸ்பேனரை மாட்டிச் சிறிது திருப்பினால் விடுபடும். விடுபட்ட பிறகு பினியன் ஓடும் மரைக்கு எண்ணெய் மட்டும் போடாதீர்கள்; கிளட்சின் தூசி அதில் ஒட்டிக்கொண்டு மீண்டும் சிக்க வைக்கும்.